கைராசிக்காரர்

வேதாந்தம் சார் கையால் பாட்டிலில் ஊற்றிய பெயிண்ட் கெட்டுப்போகாது என்று வைதேகி மாமி நம்பினாள். எங்கள் மயிலாப்பூரில் ஊறுகாய்க்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ஒருத்தி கை வைத்தால் ஆவக்காய் அடுத்த மாங்காய் வரைக்கும் நிற்கும். இன்னொருத்தி கை வைத்தால் ஆடி பிறப்பதற்குள் பூசணம் பூத்துவிடும். மாமி அதை அக்ரிலிக் பெயிண்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்றும் தெரியாதவள் இல்லை. அவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஓவியம் படித்துத் தேறியவள்தான். ஆனால் புருஷன் விஷயத்தில் படிப்பு எங்கே வேலை செய்கிறது?

என் பேர் அறிவு. லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் படம், மாலை போட்ட படம் எல்லாவற்றுக்கும் சட்டம் போடுவேன். ஓவியர்களுக்குக் கேன்வாஸ் இழுத்துக் கட்டிக் கொடுப்பேன். அந்த வேலையாகத்தான் மந்தைவெளியில் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வடக்கு ஜன்னல் உள்ள பெரிய அறை சாருடைய ஸ்டூடியோ. மாமியின் ஸ்டூடியோ பால்கனியில், வாஷிங் மெஷினுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில். சாருக்கு ஒரு காலத்தில் நல்ல பேர். டெல்லி வரைக்கும் போய்ப் பரிசு வாங்கியவர். நீலக் குதிரை வரைவார். அப்புறம் அதே குதிரையை அதே நீலத்தில் வரைந்துகொண்டே இருந்தார். வாங்குகிறவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு குதிரை வந்து சேர்ந்துவிட்டது, இரண்டாவது குதிரை யாருக்கும் தேவைப்படவில்லை.

பாட்டில் விஷயம் இதுதான். பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் நம் ஊர் வெயிலுக்கு மேலே ஆடை கட்டிவிடும். அதனால் அந்த வாரத்துக்கு வேண்டியதைக் கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டில்களில் ஊற்றி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கலக்கி வைப்பார்கள். கல்யாணமான புதிதில் மாமி ஒருதரம் லாரித் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டாள். பெயிண்ட் கழனித் தண்ணீராக நாறிப்போனது. அன்றைக்கு சார், "இனிமே நீ பாட்டிலைத் தொடாதே. உனக்குக் கைராசி இல்லை" என்றார். மாமி அதன் பிறகு தொடவே இல்லை. அவள் படங்களுக்கும் அவர்தான் ஊற்றிக் கொடுப்பார், மனசு வந்தால்.

தரமணியில் ஒரு கம்பெனி புதுக் கட்டடம் கட்டியது. அதன் முன்கூடத்துச் சுவர் முழுக்க ஒரு படம் வேண்டும் என்று அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சாரைப் பார்க்கத்தான் வந்தாள். நான் அன்றைக்கு ஒரு குதிரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் குதிரைகளை எல்லாம் மரியாதையாகப் பார்த்தாள். மாமி கொடுத்த காபியை எடுத்துக்கொண்டு காற்றுக்காகப் பால்கனிப் பக்கம் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"சார், இது யார் பண்ணினது?"

அது நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிற பெண்களின் படம். சின்னதுதான், கொடியில் தொங்கிய வேஷ்டிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தது.

"அதுவா? இவ துணி உலர்த்தற நேரத்துல கிறுக்கினது" என்றார் சார்.

"இதுதான் சார் எங்களுக்கு வேணும். சுவர் முழுக்க."

சார் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பல் மட்டும்தான் தெரிந்தது. "பேஷ். பண்ணட்டுமே. ரிடையர் ஆற வயசுல இவளுக்கு உத்தியோகம் கெடைக்கறது. நானே கூட இருந்து பாத்துக்கறேன்" என்றார். மாமி காபித் தட்டோடு நின்றவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது முதல் படம். அவள் பேர் போட்டு, நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டப்போகிற முதல் படம். அறுபதை நெருங்குகிற வயதில் இரண்டாவது ஒன்று வரும் என்று யார் எதிர்பார்க்க முடியும்?

அதற்கப்புறம் மாமி காலையில் சமையலை முடித்துவிட்டு நொச்சிக்குப்பம் போய் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். தேசம்மா என்று ஒரு அம்மா, ஆளும் பெரிசு குரலும் பெரிசு, மத்தியும் வஞ்சிரமும் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, தெனிக்கும் வந்து குந்திக்கினு கீறியே, ஒரு மீனாவது வாங்குனியா நீ?"

"எங்காத்துல மீன் கெடயாது தேசம்மா."

"அப்பறம் இன்னாத்துக்கு வர்ற? மோப்பம் புடிக்கவா?"

"உன்னை வரையப்போறேன். பெரிய கட்டடத்துல, சுவத்துல."

தேசம்மா மீன் செதில் ஒட்டிய கையாலேயே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்னியா? த்தோடா! அப்ப இந்த ரோஸ் சீலையோட வரை. எங்க ஊட்டுக்காரரு ஏலத்துல மீனு நல்ல வெலை போச்சினு எடுத்தாந்தது. நல்லா பளிச்சினு வரை. ஏ, அல்லாரும் நல்ல சீலையா கட்டிக்கினு வாங்கடி நாளிக்கு, இந்த அம்மா போட்டோ புடிக்குது!"

மறுநாள் அத்தனை பேரும் கல்யாணத்துக்குப் போவது மாதிரி வந்து மீன் விற்றார்கள். ரோஸ், சிவப்பு, ஊதா. மாமி அந்த மூன்று நிறத்திலேயே கிறுக்குப் பிடித்து அலைந்தாள்.

தி.நகரில் அக்பர் பாஷா பாய் கலர் கடை வைத்திருக்கிறார். பாண்டி பஜாரிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், மேலே லாட்ஜ், கீழே கடை. மாமிக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவள் பெயிண்ட் வாங்குவதைப் பார்த்தால் பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரி இருக்கும். மூடியைத் திறக்கச் சொன்னாள். அட்டையில் ஒரு இழு இழுத்தாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம் காட்டினால் வேண்டாம் என்று தள்ளினாள். வெள்ளைமாவு நிறையப் போட்டு ஒப்பேற்றிய ரகங்களைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தே ஒதுக்கினாள். டப்பாவில் எந்த நிறமி என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"பாய், அந்தச் சுவருக்கு எதிர்த்தாப்பல முழுக்கக் கண்ணாடி. சாயங்கால வெயில் அப்படியே மேல விழும். நேக்கு வெயில்ல நிக்கற ரோஸ் வேணும்."

"ரோஸ்தான் மாமி பேஜாரு. பாக்க சூப்பரா இருக்கும், ஆறு மாசத்துல ஓடிப்பூடும். இதப் பாருங்க, வெயில்ல நிக்கும்னு ஸ்டார் போட்டுகீறான் பாருங்க. இது ஆர்ட்டிஸ்ட் ரகம். நீங்க கேட்டீங்கன்னுதான் காட்றேன், மத்தவங்களுக்கு ஸ்டூடன்ட் ரகத்தத் தள்ளிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

மாமி அதையும் அப்படியே நம்பவில்லை. அட்டையில் பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மொட்டைமாடியில் வெயில் படுகிற இடத்தில் வாரக்கணக்கில் கட்டி வைத்தாள். தாளைப் பிரித்தபோது மூடின பாதியும் மூடாத பாதியும் ஒரே மாதிரி இருந்த நிறங்களை மட்டும் எடுத்தாள். ஒரு படத்துக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுப்பதில் இதற்கு மேல் ஒரு மனுஷி செய்ய ஒன்றும் இல்லை. பெரிய டப்பாக்களுக்கு பாயிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தோம்.

அடுத்து நடந்ததை பாய் வெகு நாள் கழித்துத்தான் சொன்னார். ஆனால் சொல்லவேண்டிய இடம் இதுதான்.

சரக்கு வந்ததும் வாங்கப் போனது வேதாந்தம் சார். "நோக்கு வேலை இருக்கு, நான் வாங்கிண்டு வரேன்" என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீலம், பச்சை, பழுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். ரோஸையும் சிவப்பையும் ஊதாவையும் தள்ளி வைத்தார். எதிர் அலமாரியில் மினுமினுவென்று இருந்த டப்பாக்களைக் காட்டினார்.

"சார், அது பந்தலுக்கு அடிக்கற சரக்கு" என்று பாய் சொல்லியிருக்கிறார். "ஸ்கூல் பசங்க சார்ட்டுக்கு வாங்குவாங்க. ரெண்டு கோடை தாங்காது."

"ஒரு கோடை தாங்குமா?"

"தாங்காது சார்."

"அப்ப குடுங்கோ."

"மாமி அவ்ளோ பாத்துப் பாத்து எடுத்து வெச்சிகீறாங்க..."

"இத்தனை வருஷமா உங்க கஸ்டமர் நானா, அவளா?"

"நீங்கதான் சார்."

பாய் வாயை மூடிக்கொண்டார். சார் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாமி எடுத்து வைத்த ரோஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பந்தல் சரக்கில் துளித் துளியாகப் பழுப்பு விட்டுக் கலந்து பார்த்தாராம். மினுமினுப்பு அடங்கி, இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத வரைக்கும் விடவில்லையாம். இந்தக் கவனத்தில் கால்வாசி தன் குதிரைக்குக் காட்டியிருந்தால் மனுஷர் பேர் இன்னும் நின்றிருக்கும்.

மார்கழி முழுக்க மாமி வரைந்தாள். பெரிய அறையை சாரே அவளுக்கு விட்டுக்கொடுத்தார். டப்பாக்களைத் தன் வசமே வைத்துக்கொண்டு, காலையில் ஊறுகாய் பாட்டில்களை ரொப்பி வரிசையாக வைப்பார். காபி கூடக் கலந்து கொடுத்தார். நான் கேன்வாஸ் பலகைகளைச் சேர்த்துக் கட்டப் போனபோது மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை வருஷத்துல இவர் என் பக்கத்துல வந்து நின்னு பாத்ததே இல்லை அறிவு. இப்ப வந்து நிக்கறார்."

சார் பின்னாலிருந்து, "அந்தப் புடவைக்கு இன்னும் கொஞ்சம் ரோஸ் போடேன் வைதேகி. நன்னா எடுக்கட்டும்" என்றார். மாமி போட்டாள்.

தை மாதத்தில் படத்தை மாட்டினோம். தேசம்மா கூட்டத்தோடு வேன் பிடித்து வந்தாள். அந்த ரோஸ் சீலையையே கட்டிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் நின்று, "ஏ, நானு நானு!" என்று கத்தினாள். கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள். படத்தின் மூலையில் வைதேகி என்று எழுதியிருந்தது. சாரும் கை தட்டினார்.

அப்புறம் கோடை வந்தது. மெட்ராஸ் கோடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆடியில் ஒரு மத்தியானம் மாமி வீட்டில் அடை தின்றுகொண்டிருந்தேன். படி ஏறும்போதே தேசம்மா குரல் கேட்டது. அவள் மகள் அந்தக் கட்டடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவள் போனில் எடுத்து அனுப்பிய படத்தை மாமி மூக்குக்கு நேராக நீட்டினாள் தேசம்மா.

"இன்னாம்மா இது? இன்னா காரியம் பண்ணி வெச்சிகீற நீ?"

மாமி போனை வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கடல் அப்படியே நீலமாக இருந்தது. ரோடு இருந்தது. மத்தியும் வஞ்சிரமும் பளபளவென்று இருந்தன. பெண்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தார்கள். ரோஸ், சிவப்பு, ஊதா ஒன்றுமில்லை. வரிசையாக வெள்ளைச் சீலை.

"அல்லாரியும் வெள்ளச் சீலை கட்டி குந்த வெச்சிட்டியேம்மா! எங்க ஊட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போய்க்கினு கீறாங்க. நேத்து போனவரு இன்னும் வர்ல. எங்க ஊட்டுக்காரரு உசுரோட கீற சொல்லவே எனக்கு தாலி அறுத்து மாட்டி வெச்சிகீற. உனக்கு நாங்க இன்னா பாவம் பண்ணோம்? எம் பக்கத்துல குந்திக்கினு, எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சியே!"

"தேசம்மா, சத்தியமா நான்..."

"பேசாத. கூலிக்கு சூனியம் வெக்கறவன் கூட இப்டி செய்ய மாட்டான்." தேசம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். சாபம் கொடுக்க வாயெடுத்து, மாமி முகத்தைப் பார்த்துவிட்டு, கொடுக்காமலே இறங்கிப் போனாள். அவள் புருஷன் அன்றைக்குச் சாயங்காலமே வலையோடு திரும்பிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் குப்பத்தில் அப்புறம் மாமியை யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை.

உள்ளேயிருந்து சார் நிதானமாகச் சொன்னார்: "இவளுக்கு எப்பவுமே அவசரம் அறிவு. லேபிளைச் சரியாப் படிக்க மாட்டா. நான் எத்தனையோ தடவை சொல்லியாச்சு."

அந்த வாரமே படத்தை இறக்கச் சொன்னார்கள். நான்தான் போய் இறக்கினேன். மாமி மூலையில் தன் பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது கறுப்பில் எழுதியது, கொஞ்சமும் வெளுக்கவில்லை. அங்கேயிருந்து வீட்டுக்குப் போகாமல், மொட்டைமாடி அட்டையைப் பையில் வைத்திருந்தவள், நேராக தி.நகர் போகச் சொன்னாள். பாய் முன்னால் அட்டையை வைத்தாள். அதில் ரோஸ் இன்னும் ரோஸாகவே இருந்தது.

"பாய், நான் எடுத்தது இதுதானே?"

பாய் அட்டையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். பாய் மேஜைக்கு அடியிலிருந்து மாமி எடுத்து வைத்திருந்த ரோஸ் டப்பாவைத் தூசி தட்டி வெளியே வைத்தார். சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் போய்க் கேட்பாள், சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி அவருக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு வைத்தாளாம்.

அடுத்த வருஷம் சாருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். உருவம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. பெரிய குதிரை வரையலாம், டப்பாவில் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. அந்த நேரம் பார்த்து அடையாறில் ஒரு கேலரிக்காரர் வந்து, பழைய ஆட்களுக்கு மரியாதையாக ஒரு கண்காட்சி வைக்கிறோம், புதுசாக வரைந்து தாருங்கள் என்று கேட்டார். சாருக்கு உயிர் வந்துவிட்டது. இதற்கு மேல் யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"கவலைப்படாதீங்கோ. இனிமே பாட்டில் நான் ரொப்பறேன்" என்றாள் மாமி.

நான் புதுக் கேன்வாஸ்களோடு போனபோது சார் ஜன்னலோரம் ஒரு பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மாமி சமையலறையில் இருந்தாள்.

"அறிவு, இது என்ன ரகம்னு பாத்துச் சொல்லு."

நான் பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்துப் படித்தேன். கடையிலேயே உசத்தியான நீலம். ஸ்டார் எல்லாம் முழுசாக இருந்தது. சொன்னேன்.

"நீ அவ போட்ட அடையைத் தின்னுட்டுச் சொல்றே."

"சார், கண்ணால பாத்துச் சொல்றேன்."

"டப்பா அதுவா இருக்கலாம். பாட்டில்ல இருக்கறது அதுதான்னு என்ன நிச்சயம்?"

பாய்க்கு போன் போட்டுத் தரச் சொன்னார். பாய் அல்லா மேல் சத்தியம் பண்ணினார். சார் போனை வைத்துவிட்டு, "எனக்காக வாயை மூடிண்டவன். அவளுக்காக மூட மாட்டானா?" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. என் பக்கம் திரும்பினார். நான் ஆணியை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

அட்டையில் நீலத்தைப் பூசி ஜன்னலில் வெயிலுக்கு வைத்தார். அதைப் பார்க்கவும் அவருக்குக் கண் போதவில்லை. தினமும் காலையில் தடவிப் பார்த்து, "வெளுத்துடுத்தா?" என்று கேட்பார். "வெளுக்கலையே" என்பாள் மாமி. பொய் சொல்கிறாள் என்று பால்காரனைக் கூப்பிட்டுக் கேட்பார். பால்காரனும் வெளுக்கவில்லை என்பான். அவனுக்கு என்ன கொடுத்தாய் என்று மாமியைக் கேட்பார்.

ஒருநாள் என் எதிரிலேயே பாட்டிலை விட்டெறிந்தார். சுவரில் நீலம் வழிந்தது. "என்னத்தைடி இதுல கலந்து வெச்சிருக்கே?" என்று கத்தினார்.

மாமி துணி எடுத்து வந்து குனிந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நான் எதுக்கு உங்களுக்குக் கெட்ட கலர் வாங்கணும்? அப்படி எனக்கு நீங்க என்ன பண்ணிட்டேள்?"

சார் வாயைத் திறந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் இருந்தது. மாமி நிமிர்ந்து, துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மாமி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கண்காட்சி வந்தது, போனது. மற்றவர்கள் படம் இருந்தது. நான் சாருக்காகக் கட்டிக் கொடுத்த கேன்வாஸ்கள் அந்த அறைச் சுவரில் வெள்ளை வெளேரென்று சாய்ந்து நிற்கின்றன. ஒரு கோடு கூட இல்லை. பாட்டில்களில் ஊற்றிய பெயிண்ட் ஆடை கட்டி, கெட்டியாகி, பிறகு கல்லாகிறது. மாமி அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கழுவிய பாட்டில்களில் புதுசாக ரொப்பி வைக்கிறாள்.

போன வாரமும் தி.நகர் போனோம். மழை வரும்போல இருந்தது. மாமி அவசரப்படவில்லை. மூடியைத் திறந்து, அட்டையில் இழுத்து, காயும்வரை காத்திருந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தாள். பாய் அவள் கண்ணைப் பார்க்காமல் டப்பா டப்பாவாக எடுத்து வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார்தான் தொடவே மாட்டேங்கறாரே மாமி. எதுக்கு இவ்ளோ பாத்துப் பாத்து வாங்கறீங்க? அவர் சந்தேகப்படற மாதிரி ஏதாவது மட்டமா வாங்கி வெச்சாத்தான் இன்னா?"

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கெட்ட கலர் வெச்சேன்னா அவர் நெனக்கறது சரியாயிடும் அறிவு. அந்த நிம்மதியை அவருக்கு நான் குடுக்க மாட்டேன்."

பிறகு நீல டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய், இதைவிட உசத்தி இருந்தா எடுங்கோ" என்றாள்.